தியோடர் ரூஸ்வெல்ட்: வேட்டையும் வாய்மையும்

விலங்குகளை வேட்டையாடிக் கொன்றோர் உலகில் எண்ணிறந்தோர். அவற்றின் குலம் அழிந்துபடாவண்ணம் காத்தோர் மிகச் சிலர். இவ்விரு திறத்தாருள்ளும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆவது ஜனாதிபதியாய் விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட். அன்னாரது சரிதத்தை, அவர் பெயரோடு பிரியாது இணைந்துவிட்ட மூஸ் என்னும் பெருமானை முன்னிட்டு ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ரூஸ்வெல்ட் 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு செல்வக் குடியில் தோன்றினார். இளமையில் இரைப்பு நோய் அவரை ஓயாது வருத்திற்று. தந்தையார் அறிவுரைப்படி இடைவிடாத தேகப்பயிற்சியால் உடலை உரமாக்கிக்கொண்டார். ஹார்வர்டு கலாசாலையில் பயின்று 1880-இல் பட்டம் பெற்றார். 1884 பிப்ரவரி 14-ஆம் நாள் அவர்தம் அன்னையாரும் மனைவியாரும் ஒரே வீட்டில், ஒரே நாளில் உயிர் நீத்தனர். ஆற்றொணாத் துயரத்துடன் டகோட்டா நாட்டின் புல்வெளிகளை அடைந்து, கால்நடை வளர்ப்பிலும் வேட்டையிலும் காலங் கழித்தார்.

முன்னாளில் கூட்டங் கூட்டமாய்த் திரிந்த காட்டெருமைகள் அந்நாளில் பெரும்பாலும் மாண்டொழிந்திருந்தன. வரம்பற்ற வேட்டையின் விளைவை அவர் கண்ணாரக் கண்டார். 1887-இல் நண்பர்களோடு கூடி பூன்-கிராக்கெட் சங்கத்தை நிறுவினார். ஆழ்ந்த பனியிற் சிக்கி ஓடமாட்டாத மூஸையும் பிற மான்களையும் கொல்லுதலும், நீந்திச் செல்லும் விலங்கை ஓடத்திலிருந்து சுடுதலும் நேர்மையான வேட்டையாகா என்பது அச்சங்கத்தார் வகுத்த விதி.

1901-இல் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறக்கவே, உப ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட் தமது 42-ஆம் வயதில் அப்பதவியை ஏற்றார். காடுகளும் பறவைச் சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களுமாக ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலம் அவராட்சியில் பாதுகாப்புப் பெற்றது. ருஷிய ஜப்பானியப் போரை முடிவுறச் செய்தமைக்காக 1906-இல் நோபெல் சமாதானப் பரிசு அவருக்குக் கிட்டிற்று. ஆயினும் வேட்டையில் அவருக்கிருந்த வேட்கை குன்றியதில்லை. பதவி நீங்கியபின் ஆப்பிரிக்காவுக்குச் சென்று, தாமும் மகன் கெர்மிட்டுமாக 512 பிராணிகளைச் சுட்டு வீழ்த்தினார். அவை ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்கென்றே சேகரிக்கப்பட்டனவாயினும், அத்தொகை மிகையே என்பார் உளர்.

1912-இல் தம் கட்சியினின்றும் பிரிந்து புதுக் கட்சி கண்டார். தமது வலிமைக்கு ஆண் மூஸை உவமையாகக் கூறுவது அவர் வழக்கமாதலின், அக்கட்சிக்கு அவ்விலங்கின் பெயரே நிலைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரைச் சுட்டான். மார்பில் தைத்த குண்டோடு மேடையேறி நெடுநேரம் பேசிய பின்னரே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். தேர்தலில் தோல்வியே எய்தினார். அடுத்து பிரேசில் நாட்டில் அறியப்படாத ஆறொன்றின் வழியே யாத்திரை செய்து, காய்ச்சலாலும் கால் புண்ணாலும் இறவாது பிழைத்து, 1914-இல் மெலிந்த உடலோடு திரும்பினார்.

மூஸ், மான் குலத்தில் மிகப் பெரியது. ஆண் மூஸ் தோளளவில் ஆறடிக்கு மேலும் உயர்ந்து, 1,000 ராத்தலுக்கு மேல் எடையுள்ளதாய், அகன்ற கொம்புகளைத் தாங்கி நிற்கும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அதற்கு மதகாலம். அப்போது இரையை மறந்து, எதிர்ப்பட்டதை எல்லாம் பகையெனக் கருதிப் பாயும். இலையுதிர் காலத்தின் கடைநாளில் மதம் தணியவே, மெலிந்து களைத்து, தனித்தொதுங்கிப் புதரிடையே மேயும். அப்போது வேடன் பெண் மூஸ்போற் குரலெழுப்பினும் எளிதில் வாராது. புதுப்பனியிற் பதிந்த அடிச்சுவட்டைப் பற்றியே அதனைத் தேடவேண்டும்.

ரூஸ்வெல்டுக்கு நேர்ந்த சோதனை மதகாலத்தில் வந்தது. 1915 செப்டம்பரில், நண்பராகிய மருத்துவர் அலெக்சாண்டர் லாம்பர்ட்டின் விருந்தினராக அவர் கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுக்குச் சென்றிருந்தார். லைசென்சுப்படி அவர் கொல்லத்தக்கது மூஸ் ஒன்றே. 19-ஆம் நாள் பெருங்கொம்புடைய ஆண் மூஸ் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். இரு வழிகாட்டிகளோடு ஏரியில் சிற்றோடத்தில் மீண்டு வருங்கால், கரையில் மற்றோர் ஆண் மூஸ் தோன்றிற்று. அஃது அஞ்சியோடாமல் அவர்களை நோக்கி வந்தது. ஓடத்தை அப்பாற் செலுத்தினர். அதுவும் கரையோரமாகவே பின்தொடர்ந்தது. கூச்சலிட்டும், துப்பாக்கி வெடித்தும் அச்சுறுத்தினர், பயனில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இவ்வாறு கழிந்தது. முடிவில் அது சினந்து பாய்ந்து வரவே, உயிர் காக்க வேறு வழியின்றி ரூஸ்வெல்ட் அதனையும் சுட்டுக் கொன்றார்.

சுற்றிலும் நடுக்காடு. உடனிருந்தோர் இருவரே. நடந்ததை மறைத்திருப்பின் அறிவார் யாருமிலர். எனினும் விலங்குகளுக்காகச் சட்டம் வேண்டி வாழ்நாளெல்லாம் வாதாடிய அவர், அச்சட்டத்துக்குத் தாமே விலக்காக விரும்பவில்லை. நிகழ்ந்ததனைத்தையும் ஒளியாது பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கையொப்பமிட்டு, அரசாங்கத்தார் அறியச் செய்தார். வழிகாட்டிகளும் அதற்குச் சான்று பகர்ந்தனர்.

அதன்பின் அவர் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். 1918-இல் இளைய மகன் குவென்டின் விமானப் போரில் மாண்டார். 1919 ஜனவரி 6-ஆம் நாள் ரூஸ்வெல்ட் உறக்கத்திலேயே உயிர் துறந்தார்.

மாணவ நண்பர்காள்! அவர் பெற்ற பதவியும் பரிசும் எல்லார்க்கும் எய்துவன அல்ல. காண்பார் இல்லாத இடத்தும் தாம் ஒப்புக்கொண்ட விதிக்குத் தம்மையே உட்படுத்திய அந்த நேர்மையோ, முயல்வார் எவர்க்கும் எய்தற்கரியதன்று. மார்பிற் குண்டேந்திப் பேசிய ஆண்மையினும், காட்டில் நடந்ததைத் தாமே எழுதித் தந்த ஆண்மையே பெரிதென்பது எம் துணிபு.