ஆண்மையும் தாழ்ச்சியும்: அர்ச். இஞ்ஞாசியார் சரிதம்

நம்மவர் விவாகப் பந்தல்களிலும் சங்கக் கூட்டங்களிலும் முன்னோரின் வாட்பெருமை பேசப்படாத நாள் அரிது. ஆண்மகனென்பான் அடிக்கு அடி கொடுப்பவன், பிறர்முன் தலைவணங்காதவன் என்னும் போதனை தொட்டிற் பருவம் முதலே நம் பிள்ளைகளின் செவியில் ஏறிவருகின்றது. கிறிஸ்து வேதத்தைத் தழுவிய குடும்பங்களிலோ, அவ்வேதம் தலையாயதெனப் போற்றும் தாழ்ச்சியென்னும் புண்ணியத்தை மாதர்க்கும் முதியோர்க்குமே உரியதென ஒதுக்கிவைக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரு எண்ணங்களையும் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர், சேசு சபையை ஸ்தாபித்த அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் தேசத்தின் வடபால், பாஸ்க் இனத்தார் வாழும் மலைநாட்டில், அஸ்பெய்த்தியா என்னும் ஊரையடுத்த லொயோலாக் கோட்டையில் அவர் 1491ஆம் ஆண்டிற் பிறந்தார். அயற் குடும்பத்தாரோடு ஓயாது பகைத்துப் பொருத வமிசம் அது. அப்பகையின் பயனாக, அவர் பாட்டனார் காலத்தில் அரசன் ஆணையால் அக்கோட்டையின் மேற்பாகம் இடிக்கப்பட்டது. கல்லாலாகிய அடிப்பாகத்தின்மேற் செங்கல்லால் எடுத்த மேற்கட்டு அவ்வரலாற்றுக்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றது. இத்தகைய குடியிற் பிறந்த இளைஞர், அரசாங்கப் பெரிய அதிகாரி ஒருவரின் மாளிகையில் வளர்ந்து, வாள்வித்தையும் ஆடையலங்காரமும் சூதும் மாதர் மோகமுமே வாழ்வெனக் கொண்டிருந்தார். 1515ஆம் ஆண்டில் சொந்த ஊரிற் செய்த அடாச்செயலொன்றிற்காக அவர்மேல் வழக்கும் தொடரப்பட்டது.

1521ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சுச் சேனை பம்ப்லோனா நகரை முற்றுகையிட்டது. கோட்டையைக் காத்தல் இயலாதென மற்றவர் துணிந்தபோது, சரணடைதல் இழிவென்று வாதாடித் தம் மனத்தைரியத்தை அவர்கட்கும் ஊட்டியவர் இவரே. 20ஆம் தேதி பீரங்கிக் குண்டொன்று அவர் வலக்காலை முறித்து, மற்றக்காலையும் காயப்படுத்திற்று. அவர் வீழ்ந்தவுடன் கோட்டையும் வீழ்ந்தது. பகைவரே சிகிச்சை செய்து அவரை ஊருக்கு அனுப்பிவைத்தனர்.

எலும்பு செவ்வனே கூடாமையால் மீண்டும் முறித்துச் சேர்க்கவேண்டியதாயிற்று. அதன் பின்னரும் முழங்காலின் கீழ் ஓர் எலும்பு துருத்தி நின்றது. அழகிய பாதரட்சை அணிய அது தடையாகுமே என்றெண்ணி அதனை அறுத்தெறியுமாறு அவரே வேண்டிக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம். கைகளை இறுக மூடிக்கொண்டதன்றி ஒரு சொல்லும் அவர் வாயினின்று எழவில்லையாம். அந்தத் தைரியம் மெய்யான தைரியமே. ஆனால் எதற்காகச் செலவிடப்பட்டதென்பதை நேயர்கள் நோக்குக. அத்தனை வாதைக்குப் பின்னும் அவர் நொண்டியே நடந்தார்.

படுக்கையிற் கிடந்தவர் வீரக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டிற் கிடைத்தவையோ கிறிஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டர்கள் சரித்திரமுமே. அவற்றைப் படிக்கப் படிக்க, அவர்கள் செய்ததை நான் ஏன் செய்யலாகாது என்னும் எண்ணம் உதித்தது. இதுவும் பழைய போர்வீரன் குணமே. பகைவனோடு செய்த போட்டி புண்ணியவான்களோடு செய்யும் போட்டியாயிற்று, அவ்வளவுதான்.

1522ஆம் ஆண்டில் மொன்செராத் மலைக்குச் செல்லும் வழியில் மூர் இனத்தவன் ஒருவன் தேவமாதாவின் கன்னிமையைக் குறித்து ஒவ்வாதன பேசி முன்னே விரைந்து போய்விட்டான். அவனைத் தொடர்ந்து குத்துவதோ, விடுவதோ என்று துணிய இயலாமல், ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தை அவர் தளர்த்திவிட்டார். அது அம்மனிதன் சென்ற ஊர்ப்பாதையை விட்டு நெடுஞ்சாலையிலே சென்றது. அன்று எசமானனினும் கழுதைக்கே வேதம் தெரிந்திருந்ததென்று சொன்னாற் குற்றமாகாது. மலைக்கோயிலில் மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்து, வாளையும் குத்துவாளையும் மாதாவின் பீடத்தண்டை விட்டு, தம் உயர்ந்த உடையை ஒரு பிச்சைக்காரனுக்கு ஈந்தார். அவ்வேழை அதனைத் திருடியதாகப் பிடிபட்டானென்று கேட்டதும் அவர் கண்ணீர் சொரிந்தார். தம் வாதைக்கு அழாதவர் அழுதது அப்போது.

பின்னர் மன்ரேசாவில் தலைமயிரும் நகமும் வளரவிட்டு, கடும் ஒருசந்தியால் உடலை ஒடுக்கி, மனக்கலக்கம் மிகுந்து தற்கொலை எண்ணம் வரையிற் சென்றார். தெளிவு பிறந்தபின் நகமும் மயிரும் களைந்தார். பிறருக்குதவ அக்கோலம் இடையூறென்று கண்டார். அவர் உண்மையான தாழ்ச்சியைக் கற்கத் தொடங்கியது நகம் வளர்த்த நாளிலன்று, நகம் களைந்த நாளிலேதான் என்பது என் துணிபு. ஞான ஒடுக்கங்களுக்கு இன்றும் துணையாயிருக்கும் அவருடைய நூல் அவ்வூர் அனுபவத்தில் முளைத்ததே.

எருசலேம் யாத்திரை முடிந்து 1524இல் திரும்பியவர், தம் 33ஆம் வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு லத்தீன் இலக்கணம் படிக்க அமர்ந்தார். போதனைகள் ஐயத்திற்கிடமாகி இருமுறை சிறையும் புகுந்தார். பாரிஸில் அவர் நம்பி ஒப்படைத்த பணத்தைச் செலவழித்துவிட்ட தோழன் ரூவான் நகரில் நோயுற்றுக் கிடந்தபோது, வெறுங்காலோடு உணவும் நீருமின்றி நடந்து சென்று அவனுக்கு உதவினார்.

1535இல் உடல்நலத்தின் பொருட்டுச் சொந்த ஊர் வந்தார். தமையனார் கோட்டையில் தங்காமல் ஏழைகளின் ஆஸ்பத்திரியிலே தங்கி, தம் குலத்தவர் அதிகாரம் செலுத்திய அதே வீதிகளிற் பிச்சையெடுத்தார். தமையனாருக்கு நேர்ந்த வெட்கத்தை நம்மவர் எளிதில் உணர்வர்! சிறுவர்க்கு ஞானோபதேசம் சொல்லப்போவதாக அறிவித்தபோது ஒருவரும் வாரார் என்று தமையனார் தடுத்தார். ஒருவன் வந்தாலும் போதும் என்பது தம்பியார் விடை. வந்தவர்களோ பலர், தமையனாரும் கேட்க வந்தார்.

குலத்தைப்பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். அக்கால ஸ்பெயினில் யூத வமிசத்தார் கிறிஸ்தவரானாலும் இரத்தம் தூய்மையற்றதென்று ஒதுக்கப்பட்டனர். இஞ்ஞாசியாரோ, அவ்வமிசத்திற் பிறந்தால் ஆண்டவருக்கும் தேவமாதாவுக்கும் இரத்த உறவினராகலாமே என்று சொல்லிக் கேட்டோரைத் திகைப்பித்தார். அவருக்குப்பின் சபையின் தலைவரான லாயினெஸ் அவ்வமிசத்தவரே. பின்வந்தோர் அவரளவு உள்ளம் விரியாமல் 1593இல் அவ்வமிசத்தாரைத் தடுக்கச் சட்டம் செய்தனர். அது முற்றிலும் நீங்கியது 1946இலேதான்.

1540இல் மூன்றாம் பவுல் பாப்பானவர் சபையை அங்கீகரித்தார். அவ்வாண்டே, வேறொருவர் நோயுற்றமையால் அவருக்குப் பதிலாக அர்ச். சவேரியார் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். 1542இல் கோவை நகரெனப் பழம்புத்தகங்கள் கூறும் கோவாவை அடைந்து, நம் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். நண்பர் இருவரும் மீண்டும் சந்திக்கவில்லை. 1541இல் எல்லாரும் இஞ்ஞாசியாரையே தலைவராகத் தெரிந்தெடுக்க, அவர் மறுத்தார். மறுபடியும் தெரிந்தெடுக்க, மூன்று நாள் பாவசங்கீர்த்தனத்தின்பின் குருவானவர் கட்டளைக்குப் பணிந்தே இசைந்தார். பதவியேற்றபின் சில நாள் மடைப்பள்ளியில் வேலை செய்தார். விபசாரத்தினின்று விலகிய பெண்களுக்கு ரோமாபுரியில் அடைக்கல வீடொன்று ஏற்படுத்தினார். இளமையில் மாதரை வேட்டைப் பொருளாக எண்ணியவர் செய்த செயல் இது.

1556ஆம் ஆண்டு சூலை 30ஆம் தேதி மாலை, தம் முடிவு நெருங்கியதென அறிந்து, பாப்பானவர் ஆசீர்வாதம் பெற்றுவரும்படி காரியதரிசி பொலாங்கோவை வேண்டினார். ஸ்பெயினுக்கு அனுப்பவேண்டிய கடிதங்கள் மிகுந்திருந்தமையால், மறுநாள் செல்லலாமா என்று அவர் கேட்டார். இன்றே நன்று என்றாலும் உமக்குத் தோன்றியபடி செய்யும் என்று விட்டுவிட்டார், ஏறக்குறைய ஆயிரம் பேருக்குத் தலைவராயிருந்தவர். மறுநாள் விடியலில் பொலாங்கோ பாப்பானவரிடம் ஓடித் திரும்புமுன் அவர் உயிர் பிரிந்திருந்தது.