அண்ணன் கொண்டுவந்த கடிதம்: கிளிபர்டு பீர்ஸ் கதை

காலில் அடிபட்டால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். பக்கத்து வீட்டாரும் வந்து நலம் விசாரிக்கிறார்கள்.

மனதில் நோய் வந்தால்?

வீட்டுக் கதவைச் சாத்துகிறோம். வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிறோம். நோய் குணமாகித் திரும்பி வந்தவரைக் கூட ஊரார் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டார் ஒருவர். அவர் டாக்டர் அல்ல. மந்திரியும் அல்ல. மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்த ஒரு நோயாளி! அவர்தான் கிளிபர்டு பீர்ஸ்.

மனதில் புகுந்த பயம்

அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு மாநிலம். அதில் நியூ ஹேவன் என்ற நகரம். அங்கே 1876ஆம் ஆண்டு மார்ச் 30ந் தேதி பீர்ஸ் பிறந்தார்.

வீட்டில் அண்ணன் தம்பிகள் உண்டு. நன்றாகப் படித்தார். புகழ்பெற்ற யேல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

1894ஆம் ஆண்டு குடும்பத்தில் ஒரு துன்பம் வந்தது. அண்ணன் ஒருவருக்குத் திடீர் திடீரென்று வலிப்பு கண்டது. காக்காய் வலிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பீர்ஸ் அதைக் கண்ணால் பார்த்தார். அன்று அவர் மனதில் ஒரு பயம் புகுந்தது. அண்ணனுக்கு வந்த நோய் நமக்கும் வந்துவிடுமோ? பத்துப் பேர் நடுவில் நாமும் இப்படி விழுவோமோ?

இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே வைத்துப் பூட்டினார். பூட்டி வைத்த பயம் நாளுக்கு நாள் வளர்ந்தது.

1897ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சொந்த ஊரில் வரி வசூல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு நியூயார்க் நகரத்துக்குப் போய் வேலை பார்த்தார். பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு சுறுசுறுப்பான வாலிபர். அவர் படும் பாடு அவருக்கு மட்டுமே தெரியும்.

1900ஆம் ஆண்டு ஜூன் மாதம். உடலும் மனமும் ஓய்ந்து வீடு திரும்பினார். படுக்கையில் விழுந்தார். வலிப்பு வரப்போகிறது, வரப்போகிறது என்று ஒவ்வொரு நிமிடமும் நடுங்கினார். அந்த வேதனை தாங்காமல் ஜூன் 23ந் தேதி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்.

கால் எலும்புகள் முறிந்தன. ஆனால் உயிர் பிழைத்தது.

வலிப்பு வரும் என்ற பயம் அதோடு போய்விட்டது. ஆனால் அதைவிடக் கொடிய நோய் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் உளவாளிகள்!

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் இருந்த அறையின் ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. அது அவருடைய பாதுகாப்புக்காகப் போட்ட கம்பி. அவரோ, தாம் செய்த குற்றத்துக்குச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்று நம்பினார்.

டாக்டர்கள் துப்பறிவோராகத் தெரிந்தார்கள். நர்சுகள் உளவாளிகளாகத் தெரிந்தார்கள். சாப்பாட்டில் விஷம் கலந்திருப்பதாகத் தோன்றியது. காதில் இல்லாத குரல்கள் கேட்டன.

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று உண்டு. பார்க்க வந்த சொந்தக்காரர்களையே அவர் நம்பவில்லை. அவர்களைப் போல் வேஷம் போட்டுப் போலீசார் வந்திருப்பதாக நினைத்தார். பெற்ற தாயும் போலி! தந்தையும் போலி! உடன் பிறந்த அண்ணனும் போலி!

அந்த ஆண்டு ஜூலை 4ந் தேதி, வலிப்பு நோயால் அவதிப்பட்ட அண்ணன் இறந்தார். அவருக்கு இருந்தது மூளையில் ஒரு கட்டி என்று தெரிந்தது. ஆறு வருஷம் பீர்ஸ் எதற்குப் பயந்தாரோ, அந்தப் பயத்துக்கே ஆதாரம் இல்லை.

பீர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டார். வாய் திறந்தால் அதுவே தமக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று பயந்தார். இரண்டு வருஷம் ஏறக்குறைய ஊமையாகவே இருந்தார்.

அண்ணனின் பொறுமை

ஜார்ஜ் என்று அவருக்கு இன்னொரு அண்ணன் இருந்தார். தம்பியைக் கவனிக்கும் பொறுப்பை அவர் ஏற்றார்.

ஜார்ஜ் பார்க்க வருவார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜார்ஜ் பேசுவார். தம்பி பதில் சொல்லமாட்டார். ஜார்ஜ் திரும்பிப் போவார். ஆனாலும் மறுபடி வருவார்.

வந்து என்ன பயன் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் வருவதை நிறுத்தவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளி பீர்சுக்கு நண்பரானார். வெளியே போய்வர அவருக்கு அனுமதி உண்டு. வந்து போவது உண்மையில் உன் அண்ணன்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார். பீர்ஸ் நம்பவில்லை. ஆனால் பரீட்சை செய்து பார்க்க ஒரு யோசனை தோன்றியது.

அண்ணன் வீட்டு விலாசத்துக்குப் பீர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து போகிறார். அவர் நீங்கள்தானா என்பது தெரியவில்லை. நீங்கள்தான் என்றால், அடுத்த முறை வரும்போது இந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். இதுதான் அதன் சாரம். கடிதம் வெளியே போய்த் தபாலில் சேர்ந்தது.

1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ந் தேதி. ஆஸ்பத்திரிப் புல்வெளியில் ஜார்ஜ் வந்து நின்றார். பீர்ஸ் அவரை உற்றுப் பார்த்தார். அந்தக் கடிதம் எங்கே?

ஜார்ஜ் பைக்குள் கையை விட்டார். கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அது அவரே எழுதிய கடிதம்! அவருடைய கையெழுத்து! அப்படியானால் எதிரே நிற்பவர் உண்மையான அண்ணன்!

அந்த நொடியில் பொய் உலகம் இடிந்து விழுந்தது. ஜூன் 23ந் தேதி தொடங்கிய இருள் அன்றோடு முடிந்தது. மொத்தம் 798 நாட்கள்!

கட்டிப் போட்ட சட்டை

பொய் உலகம் போனது. ஆனால் நோய் முழுதும் போகவில்லை. வேறு உருவம் எடுத்தது. இரண்டு வருஷம் பேசாதவர் இப்போது ஓயாமல் பேசினார். தூக்கம் குறைந்தது. பழுப்புக் காகிதத்தை ஒட்டி ஒட்டி, அடிக்கணக்கில் நீளமான கடிதங்கள் எழுதினார். மனச்சோர்வு மாறி மனக் கொந்தளிப்பு வந்தது. இப்படி மாறி மாறி வரும் நோயை இன்று இருமுனை மனநோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நடக்கும் அநியாயங்களை வெளியிடுவேன் என்று அவர் சபதம் செய்தார். முரட்டு நோயாளிகளை அடைக்கும் பகுதியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினார். வேண்டுமென்றே கலாட்டா செய்து அங்கே போனார்.

அங்கே நரகத்தைக் கண்டார்.

கைகளை மடக்கி முதுகுப் பக்கம் இறுக்கிக் கட்டும் ஒரு சட்டை உண்டு. அதை மாட்டிவிட்டால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. அந்தச் சட்டையில் அவரை 21 இரவுகள் தொடர்ந்து கட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு இரவும் 12 மணி நேரத்துக்கு மேல்!

பிறகு அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கும் அடி, உதை. குளிர் நடுக்கும் அறையில் போதிய துணி இல்லாமல் அடைப்பு. அடித்தவர்கள் ராட்சதர்கள் அல்ல. பயிற்சி இல்லாதவர்கள், குறைந்த சம்பளக்காரர்கள். அவர்களிலும் அன்பாக நடந்தவர்கள் உண்டு. ஆனால் வாயில்லாத நோயாளியை அடித்தால் கேட்பதற்கு யாருமே இல்லை.

1903ஆம் ஆண்டு மாநிலக் கவர்னருக்கு நீண்ட கடிதம் எழுதினார் பீர்ஸ். கடிதம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. கவர்னர் பதிலும் எழுதினார். ஒரு நோயாளியின் குரல் மதிலைத் தாண்டியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் பீர்ஸ் குணமாகி வீடு திரும்பினார். மூன்று ஆண்டுகளில் அவர் பார்த்தது மூன்று மனநோய் ஆஸ்பத்திரிகள்!

மறுபடியும் ஆஸ்பத்திரி

நியூயார்க்கில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் வியாபாரம் பேசும் வேலை. அவர் நினைத்திருந்தால் பழையதை மறந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே தவிக்கும் நோயாளிகளை அவர் மறக்கவில்லை. புத்தகம் எழுதத் திட்டமிட்டார்.

திட்டம் பெரிதாக ஆக ஆக, மனம் பரபரத்தது. இரவு பகல் அதே பேச்சு. அண்ணன் ஜார்ஜ் அதைக் கவனித்தார். இது பழைய நோயின் அடையாளம் என்று தம்பியிடம் எடுத்துச் சொன்னார்.

பீர்ஸ் கோபப்படவில்லை. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் தாமாகவே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். சுமார் ஒரு மாதத்தில் தெளிந்து வெளியே வந்தார்.

முதல் முறை மற்றவர்கள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்த முறை தம் சொந்தக் காலால் நடந்து போனார். நோய் திரும்பினால் அதைத் தோல்வி என்று நினைக்கவேண்டாம். சீக்கிரம் கண்டுகொண்டால் சீக்கிரம் கரையேறலாம். இதை அவர் வாழ்ந்து காட்டினார்.

ஊரைத் திருத்திய புத்தகம்

எழுதிய புத்தகத்தை ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பெரிய அறிஞர் வில்லியம் ஜேம்சிடம் காட்டினார். அவர் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதுவே புத்தகத்துக்கு முன்னுரை ஆயிற்று. 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் புத்தகம் வெளிவந்தது. தன்னைத் தானே கண்டுகொண்ட மனம் என்பது அதன் பெயரின் பொருள்.

தம் பெயரை மறைக்காமல், தமக்கு வந்த நோயை மறைக்காமல் எழுதினார். படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். பதிப்புக்கு மேல் பதிப்பு வந்தது.

புத்தகம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். டாக்டர் அடால்ப் மேயர் என்ற மனநோய் நிபுணர், மன ஆரோக்கியம் என்ற நோக்கத்தை முன்வைக்கச் சொன்னார். 1908ஆம் ஆண்டு மே மாதம் நியூ ஹேவனில் ஒரு சிறு கூட்டம் கூடியது. கனெக்டிகட் மன ஆரோக்கியச் சங்கம் பிறந்தது.

நோயாளிகளை மனிதராக நடத்தவேண்டும். நோய் முற்றுமுன் உதவி கிடைக்கவேண்டும். குணமாகி வீடு திரும்பியவர்களுக்குத் துணை நிற்கவேண்டும். குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்லவேண்டும். இவைதான் சங்கத்தின் வேலை.

மறு ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுமைக்குமான சங்கம் நியூயார்க்கில் தொடங்கியது. பீர்ஸ் அதன் காரியதரிசி. ஆனால் பெட்டியில் பணம் இல்லை. கடன் வாங்கிச் சங்கத்தை நடத்தினார். 1911ஆம் ஆண்டு ஹென்றி பிப்ஸ் என்ற செல்வர் 50,000 டாலர் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

1913ஆம் ஆண்டு நியூ ஹேவனில் ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்கள். உள்ளே அடைத்து வைக்காமல், வீட்டிலிருந்தே வந்து சிகிச்சை பெற்றுப் போகலாம். அந்த நாட்டில் இந்த வகையில் அது முன்னோடி. பீர்ஸ் பெயரைத் தாங்கி இன்றும் அது நடக்கிறது.

1930ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் முதல் உலக மன ஆரோக்கிய மாநாடு கூடியது. 50க்கும் மேற்பட்ட நாட்டார் வந்தார்கள். அதைக் கூட்டி வைத்தவர், முன்பு சட்டையில் கட்டிப் போடப்பட்ட அதே நோயாளி!

கடைசி நாட்கள்

பீர்ஸ் 1912ஆம் ஆண்டு கிளாரா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மனநோய் பரம்பரையாக வந்துவிடுமோ என்று பயந்து, குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மற்றவர் பயத்தைப் போக்கியவருக்கும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

1939ஆம் ஆண்டு மனச்சோர்வு மறுபடி வந்தது. வேலையிலிருந்து விலகினார். ராட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கேயே 1943ஆம் ஆண்டு ஜூலை 9ந் தேதி காலமானார். வயது 67.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? இல்லை. 1903ஆம் ஆண்டு ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின், ஏறக்குறைய 35 வருஷம் பிறருக்காக உழைத்தார். சர்க்கரை நோய்க்காரர் நோயோடு வாழ்ந்து சாதிப்பதில்லையா? அதைப்போலத்தான்.

அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1953ஆம் ஆண்டு, அவர் தொடங்கிய சங்கத்தின் வாரிசுகள் ஒரு காரியம் செய்தார்கள். மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த பழைய சங்கிலிகளையும் விலங்குகளையும் நாடெங்கும் தேடித் திரட்டினார்கள். பால்டிமோர் நகரில் அவற்றை உருக்கினார்கள். 300 ராத்தல் எடையில் ஒரு மணி வார்த்தார்கள். கையைக் கட்டிய இரும்பு, மணியாகி ஒலித்தது!

பீர்ஸ் மீண்டதற்குக் காரணம் பல. அவற்றில் ஒன்று, முகத்தைத் திருப்பிக்கொண்ட தம்பியைப் பார்க்க மறுபடி மறுபடி வந்த அண்ணன். இன்னொன்று, கடிதம் வெளியே போக உதவிய சக நோயாளி.

நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மனம் நொந்து கிடப்பவர் இருக்கலாம். அவர் பேசாமல் இருக்கலாம். நம்மை நம்பாமலும் இருக்கலாம். டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். மருந்து வேண்டும்.

அத்தோடு, ஜார்ஜைப் போல, போய்ப் பார்ப்பதை நிறுத்தாத ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்!