அவ்வை இல்லம் கண்ட அன்னை

வைத்திய கலாநிதி முத்துலட்சுமி ரெட்டி யாரென்று எம் பாடசாலையின் மூத்த வகுப்பு மாணவரை வினவினால், 1954 இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர் என்பர். அது மெய்யே. ஆயினும் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்னரே, ஆதரவற்ற சிறுமியருக்காக அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்த செய்தியையே இம்மலரில் நாம் நினைவுகூர விழைகின்றோம்.

1886 ஜூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணைச் சேர்க்கலாகாதென்று எதிர்ப்பெழுந்த போதிலும், மன்னரின் ஆதரவால் மகாராஜா கல்லூரியிற் பயின்றார். 1912 இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அந்நாளில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவியது. தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கூறிச் சிறுமியின் கழுத்திற் பொட்டு அணிவிப்பர். அதன்பின் பிறபெண்களைப் போன்ற மணவாழ்வு அவளுக்கு இல்லை. வளர்ந்ததும் செல்வந்தர் ஒருவரைச் சார்ந்து வாழ வேண்டியதே பலரது விதியாயிற்று. மாணவச் செல்வங்களே, இஃது இருளில் மறைவாக நடந்ததன்று. ஊரறியச் சடங்காக நடந்தது. பெற்றோரே முன்னின்றனர், அயலார் பார்த்திருந்தனர். எவரும் அதனைக் குழந்தைக்கு இழைக்கும் தீங்கென்று எண்ணவில்லை.

சென்னை மாகாணச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, 1927 இல் அதன் துணைத் தலைவருமான அம்மையார், அதே ஆண்டில் இவ்வழக்கத்தை ஒழிக்குமாறு தீர்மானம் கொணர்ந்தார். சமயத்தின் பெயராலும் கலையின் பெயராலும் எதிர்த்தோரில் சத்தியமூர்த்தி போன்ற விடுதலை வீரரும் இருந்தனர். தேவதாசியர் பலரும் தம் பிழைப்பும் கலையும் அழியுமென முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயமே இல்லையென்று நாம் கூறோம். ஆயின் ஒப்புதல் கேட்கப்படாத சிறுமியின் சார்பிற் பேச அச்சபையில் ஒருவர் வேண்டியிருந்தது.

1930 இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவி துறந்தார். அவ்வாண்டிலேயே தேவதாசி மரபிற் பிறந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவரிடம் வந்தனர். மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். வழக்கத்தினின்று மீட்கப்படும் பிள்ளைக்கு உணவும் உறையுளும் கல்வியும் எவர் தருவர் என்ற கேள்விக்குச் சட்டம் மட்டும் விடையாகாதென்பதை அவர் கண்டிருந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டமோ 1947 இலேதான் நிறைவேறிற்று. இடைப்பட்ட இருபது ஆண்டுகளிற் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியரை எண்ணுங்கால் எம் நெஞ்சம் கனக்கின்றது.

நாம் வாழும் கியூபெக்கில் 1979 முதல் இளையோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ளது. ஒரு பிள்ளை உடலாலோ பாலியல் முறையிலோ துன்புறுத்தப்படுகின்றதென நம்பக் காரணமுள்ள எவரும் அதனை அறிவித்தல் கடமையாகும். அறிவித்தவர் பெயர் வெளியிடப்படாது. மொன்றியலில் எம்மவர் சிலர் இதனைக் குடும்பத்தைக் குலைக்கும் சட்டமென அஞ்சுகின்றனர். அயல்வீட்டு விடயத்தில் நாம் தலையிடலாமா என்று தயங்குவோரும் உளர். புதுக்கோட்டையிலும் சென்னையிலும் அன்றைய அயலாரும் இங்ஙனமே தயங்கியிருப்பர்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே பின்னாளில் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22 ஆம் நாள் மறைந்தார். அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் சிறுமியரை ஏற்று வளர்த்து வருகின்றது.