மூங்கிற் கோட்டை தீத்து மீர்

போர்க்களத்து வீரர் பலரின் சரித்திரத்தை நாம் படித்திருக்கிறோம். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி கச்சேரியாக அலைந்து, அதன் பிறகே கம்பெடுத்த ஒருவரின் வரலாற்றை இம்முறை தருகிறோம்.

வங்காளத்தின் 24 பர்கானா ஜில்லாவில் 1782-ல் பிறந்த மீர் நிசார் அலி அவர்களையே மக்கள் தீத்து மீர் என்றழைத்தனர். மல்யுத்தத்தில் தேர்ந்தவர். இளமையில் ஜமீன்தாருக்குத் தடியாளாக இருந்து சிறை சென்றவர் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஹஜ்ஜுப் பயணத்தில் சையித் அஹ்மத் பரேல்வி அவர்களைச் சந்தித்த பின் மனம் மாறி, 1827 அளவில் ஊர் திரும்பிக் குடியானவர்களிடையே மார்க்கத்தைப் போதிக்கலானார்.

மொகலாயர் காலத்து ஜமீன்தார் வரி வசூலித்துக் கொடுப்பவர். 1793-ல் காரன்வாலிஸ் பிரபுவின் சாசுவத நிலவரித் திட்டம் அவரை நிலத்துக்கே சொந்தக்காரராக்கிற்று. தவணை நாளில் சூரியன் மறையுமுன் கிஸ்தி கட்டாவிடில் ஜமீன் ஏலத்துக்கு வரும். அந்தப் பயமெல்லாம் உழுகிறவன் தலையில் இறங்கியது. பாக்கிக்காரக் குடியானவனைப் பிடித்து அடைக்கவும் 1799-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. (இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கும் 1803-ல் கும்பினியார் இதே முறையில்தான் சனது கொடுத்தனர். நம் முன்னோரில் பலர் அச்சீமையிலிருந்து கப்பலேறியவர்களே.)

தீத்து மீரைப் பின்பற்றியோர் பெருகவே, புர்ஹா ஜமீன்தார் கிருஷ்ணதேவ ராய் அவர்களின் தாடிக்குத் தலைக்கு இரண்டரை ரூபாய் வரி விதித்தார். சர்ஃபராஸ்பூரில் வசூலிக்கச் சென்ற இடத்தில் கலகம் மூண்டு, பள்ளிவாசல் தீக்கிரையாயிற்று. வழக்குத் தொடுத்தார்கள், போலீஸ் தாரோகா ஜமீன்தார் பக்கம் சாய்ந்தார், மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளினார். 1831 செப்டம்பரில் அப்பீலுக்காகக் கல்கத்தா போனார்கள். அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருந்தார். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதன் பின் நார்கேல்பேரியா கிராமத்தில் மூங்கிற் கோட்டை எழுந்தது. நவம்பரில் புர்ஹா சந்தையில் அவர்கள் பசுவை அறுத்துக் கோயிலை அசுத்தப்படுத்தியதை நாம் புகழமாட்டோம். ஜமீன்தாரின் நுகத்தடி ஹிந்துக் குடியானவன் கழுத்தையும்தானே அழுத்தியது! கூடியிருக்க வேண்டியவர்களை அச்செயல் விலக்கிவிட்டது.

தம்மைப் பிடிக்க வந்த பாராசத் மாஜிஸ்திரேட் அலெக்சாண்டர் துரையை அவர்கள் விரட்டியடித்தனர். நவம்பர் 19-ல் கும்பினிப் பட்டாளம் பீரங்கியோடு வந்தது. மூங்கில் எவ்வளவு நேரம் தாங்கும்? தீத்து மீரும் சுமார் 50 பேரும் ஷஹீதானார்கள். தளபதி குலாம் மாசூம் தூக்கிலிடப்பட்டார். பலர் சிறை சென்றனர். ஜமீன் முறையோ கிழக்கு வங்காளத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் மேற்கு வங்காளத்தில் 1953-ஆம் ஆண்டுச் சட்டமும் வரும் வரை நீடித்தது.