கரணையில் கண்ட கணிதம்

கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய தமிழர் ஒருவர் இந்தப் பெங்களூரிலேயே வாழ்ந்து மறைந்தார். அவரே சர் சி. வி. இராமன்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலெல்லாம் அலுவலகக் கணக்கு. காலையும் மாலையும் ஆய்வுக்கூடம். அங்கே அவர் ஆராய்ந்தவை வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம். 1917இல் உயர்ந்த ஊதியத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார்.

வெறுந் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. முழக்கம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, கரிய கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்க்கின்றனர் நம் கைவினைஞர். அந்தக் கரணையின் பாரம் தோலின் அதிர்வை மாற்றி, ஒலிகளை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கில் நிறுத்துகிறது. 1920இல் இராமன் இதனை உலகுக்கு அறிவித்தார். தோலின் மீது நுண்மணலைத் தூவி, அதிராத இடங்களைக் கண்ணாலும் காணச் செய்தார்.

கரணையை முதலில் இட்டவன் கணிதம் கற்றவனல்லன். அவன் பெயரும் நமக்குத் தெரியாது. செவியே அவனுக்குக் கருவி. அவன் தொழிலைப் பழைய வழக்கமென்று தள்ளாமல், ஆராய்ச்சிக்குரிய அறிவென்று மதித்தாரே, அதுவன்றோ இராமனின் பெருமை! ஆய்வுக்கூடத்தில் பொருள்களின் இயல்பை ஆராயும் நாம், மிருதங்கம் கட்டுபவரின் வாசலில் ஒரு நாளேனும் மாணவராய் அமர்ந்ததுண்டா?

1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்ட ஒளிச்சிதறல், 1930இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது. 1933இல் பெங்களூருக்கு வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். 1948இல் தம் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். வைரமும் முத்தும் மலரின் நிறமும் அங்கே அவருக்கு ஆய்வுப் பொருள்களாயின.

அவர் கண்ட விளைவு இன்று கலைக்கே கைம்மாறு செய்கிறது. பழைய ஓவியத்தின் மீது லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியை ஆராய்ந்து, ஒரு துளி வண்ணத்தையும் சுரண்டாமல், அது எப்பொருளால் ஆனதென அறிகின்றனர்.

1970 நவம்பர் 21ஆம் நாள் இராமன் மறைந்தார். அவர் விரும்பியவாறே நிலையத்தின் தோட்டத்தில் எரியூட்டப்பட்டார். நண்பர்களே, அடுத்த முறை கச்சேரியில் மிருதங்கம் ஒலிக்கும்போது, அவரையும் அந்தப் பெயரறியாக் கைவினைஞனையும் சேர்த்தே நினைப்போம்.