மாண்டிஸோரி அம்மையார்

சிசுவின் கையில் அகப்பட்ட பொருளைப் பிடுங்கி அப்பால் வைப்பதை நம்மவர் பெரும்பாலும் அன்பின் காரியமாகவே எண்ணி வருகின்றனர். அது அச்சிசுவின் கல்வியை நடுவில் அறுப்பதாகும் என்று உலகத்தாருக்கு எடுத்துக் காட்டியவர் மேரியா மாண்டிஸோரி அம்மையார். 1870-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலி தேசத்தில், அங்கோனாவுக்கு அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஸ்திரீகள் வைத்தியம் கற்பதை அந்நாட்டார் இகழ்ந்து வந்த காலத்தில், 1896-ல் ரோமாபுரி ஸர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அக்காலத்தில் பித்தர்களோடு சேர்த்தே அடைக்கப்பட்டிருந்தனர். அத்தகைய ஓரிடத்தில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தேடி எடுத்தார்களாம். காவற்காரி அதனைப் பெருந்தீனி ஆசையென்று வெறுப்புடன் சொன்னாள். அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் அங்கே வேறு பொருள் ஒன்றுமில்லை. பசித்தது வயிறன்று, கையும் புத்தியுமே என்று அவர் உணர்ந்தார். இதார், ஸெகான் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களை ஊன்றிக் கற்று, அக்குழந்தைகளுக்கு ஏற்ற கருவிகளைச் செய்யலானார்.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த ஸான் லொரென்ஸோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் அலைந்து திரிந்த குழந்தைகளே அங்கு வந்தனர். அவர்களில் மூன்று வயதுள்ள ஒரு பெண் குழந்தை, மரக்கட்டையில் குடைந்த குழிகளில் அளவுக்குத் தக்க உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. அதன் கவனத்தைச் சோதிக்க, மற்றக் குழந்தைகளைப் பாடி ஆடச் செய்தார் அம்மையார். நாற்காலியோடு குழந்தையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக் கொண்ட அக்குழந்தை, அங்கேயும் தன் வேலையைத் தொடர்ந்தது. நாற்பது முறைக்கு மேல் செய்தபின், ஒருவரும் சொல்லாமலே நிறுத்தி, இளைப்பாறி எழுந்ததுபோல் முகமலர்ச்சியுடன் நோக்கிற்று. பிரம்பும் பரிசும் இன்றியே கவனம் பிறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவரது முறை முழுவதும் இந்நிகழ்ச்சியிலிருந்தே விரிந்தது என்று சொல்லலாம்.

அம்மையார் தவறாதவரல்லர். 1924 முதல் முஸோலினியின் ஆதரவை ஏற்றுத் தம் பள்ளிகளை நடத்தினார். சுயேச்சையை உபதேசித்தவர் சர்வாதிகாரியின் நிழலில் நின்றதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 1934-ல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் அவ்வாறே செய்தது.

1931-ல் மகாத்மா காந்தி லண்டனில் அவரைச் சந்தித்து, செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் இக்கல்வி கிட்ட வேண்டுமென்று தம் ஆசையைத் தெரிவித்தார். ஏழைத் தெருவில் பிறந்த முறை, பணம் கொடுக்க வல்லவர்களின் சொத்தாகி வருவதை நோக்கின், அவ்வாசை எத்துணைப் பொருத்தமானது!

1939-ல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், ஆங்கில ஸர்க்கார் அவர் மகன் மேரியோவைப் பிடித்து முகாமில் வைத்தனர். எழுபதை எட்டிய மூதாட்டியை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்கு மகனை விடுதலை செய்தனர். பின்னர் கோடைக்கானலிலும் தங்கினார். மூன்று வயதுக்கு உட்பட்ட சிசுக்களைப் பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்தது இக்காலத்தில்தான். கண் கண்டதைக் கை பற்றுவதும், கை பற்றியதை வாய் சோதிப்பதும் குறும்பல்ல, புத்தி தன்னைத்தானே கட்டிக் கொள்ளும் தொழில் என்பது அவர் கொள்கை. அப்பிரசங்கங்கள் 1949-ல் சென்னையிலிருந்தே நூலாக வெளிவந்தன. 1952-ம் வருஷம் மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்தில், நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார்.