சுங்கமும் தேசமும்: பிரெடரிக் லிஸ்ட்

1789ல் ரைட்லிங்கன் நகரில் பிறந்த பிரெடரிக் லிஸ்ட் வாலிபத்தை எய்திய காலத்தில், ஜெர்மனி 38 சுங்க எல்லைகளால் துண்டாடப்பட்டுக் கிடந்தது. உள்நாட்டுச் சரக்கு எல்லைதோறும் தீர்வை செலுத்த, ஆங்கிலச் சரக்கோ சந்தைகளில் வந்து குவிந்தது. உட்சுங்கங்களை ஒழித்து வெளியெல்லையில் பொதுச் சுங்கம் விதிக்குமாறு 1819ல் வியாபாரிகளைத் திரட்டி மனுச் செய்தார். அதனால் சர்வகலாசாலைப் பதவியை இழந்தார். அதிகாரவர்க்கத்தைக் கண்டித்ததற்காக 1822ல் 10 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பெற்று, 1825ல் அமெரிக்கா சென்றார்.

1834ல் ஜெர்மன் சுங்க ஐக்கியம் உதயமாயிற்று. இளங் கைத்தொழில்கள் வலுப்பெறும்வரை இறக்குமதித் தீர்வை அவற்றைக் காக்க வேண்டுமென்று 1841ல் நூலெழுதி நிலைநாட்டினார். நோயும் கவலையும் வாட்ட, 1846ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சுங்கம் கஜானாவின் வருவாய் மாத்திரமன்று, தொழிற்பயிருக்கு வேலி. வேலியிடும் உரிமை குடிகளிடம் இல்லாவிடின் பயிர் எங்ஙனம் தழைக்கும்?